நீர்விட்டு நிலம் கண்ட உடல்

நுழையும்முன்

மழைக்காலக் குட்டையில் நீந்தும் தலைப்பிரட்டைக்குக் கால்கள் இல்லை. வாலும் செவுள்களும் உண்டு. சில வாரங்களில் அதே உயிர் வாலை இழந்து, நான்கு கால்களும் நுரையீரலும் பெற்றுக் கரையேறுகிறது. முதுகெலும்பிகளின் நெடிய வரலாற்றிலும் நீரிலிருந்து நிலத்திற்கு இத்தகைய பெயர்ச்சி ஒன்று நிகழ்ந்தது. அது சில வாரங்களில் முடியவில்லை; பல கோடி ஆண்டுகள் நீண்டது. அப்பெயர்ச்சியின்போது உடலின் எவ்வெவ் உறுப்புகள் மாறின, அவை முதலில் எப்பணிக்கெனத் தோன்றின, இன்றைய இருவாழ்விகள் நீரோடு கொண்ட உறவு ஏன் முற்றிலும் அறவில்லை ஆகிய வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

இருவேறு உலகங்கள்

நீர் உடலைத் தாங்கும், காற்று தாங்காது. மீனின் எடையில் பெரும்பகுதியை நீரின் மிதப்பு விசை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, மீனின் முதுகெலும்பு உடலைத் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை; பக்கவாட்டில் வளைந்து நீரை உந்தினால் போதும். கரையில் நிலைமை வேறு. அங்கு உடலின் முழு எடையும் உடலின்மீதே விழுகிறது. தாங்கும் எலும்புகள் இல்லையெனில் வயிறு தரையில் படியும், உள்ளுறுப்புகள் நசுங்கும்.

சுவாசத்திலும் வேறுபாடு பெரிது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உள்ளது. 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பதோ ஏறத்தாழ 6 மில்லிலிட்டர்தான். இருப்பினும், கரையில் வீழ்ந்த மீன் மூச்சுத் திணறி இறக்கிறது. செவுளின் மெல்லிய இழைகள் நீரில் விரிந்து நிற்பவை. காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வாயுப் பரிமாற்றத்திற்கான பரப்பு சுருங்கிவிடுவதால், ஆக்சிஜன் மிகுந்த காற்றின் நடுவிலும் மீனுக்கு அது கிட்டுவதில்லை.

இவற்றோடு உடல் உலர்தல், ஒளி வேறுவிதமாக விலகுதல், ஒலி வேறு ஊடகத்தில் பரவுதல், நீரில் எளிதாகக் கரைந்து போன அம்மோனியாவை வெளியேற்ற வழியின்மை ஆகிய இடர்களும் சேர்கின்றன. எனவே, நீரைவிட்டு நிலத்திற்கு வருதல் என்பது ஓர் உறுப்பின் மாற்றம் அன்று. உடல் முழுவதும் மாற வேண்டிய நிகழ்வாகும்.

பழைய விளக்கம்

மீனின் துடுப்பு எவ்வாறு காலாயிற்று? இவ்வினாவிற்கு அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபிரட் ரோமர் இருபதாம் நூற்றாண்டில் ஒரு விளக்கம் அளித்தார். டெவோனியன் காலத்தில் நன்னீர்க் குட்டைகள் அடிக்கடி வறண்டன. வற்றிய குட்டையிலிருந்து நீருள்ள வேறொரு குட்டைக்கு ஊர்ந்து செல்ல முடிந்த மீன்களே பிழைத்தன. அவற்றின் வழிவந்தவற்றிலேயே கால்கள் உருவாயின என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இது எளிதில் மனங்கொள்ளத்தக்கது. பல ஆண்டுகள் பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆயின், இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கால்கள் தரையில் நடப்பதற்காகவே உருவாகியிருந்தால், காலுடைய மிகப் பழைய விலங்குகள் நிலத்தில் நடக்கத்தக்க உடல் பெற்றிருத்தல் வேண்டும். புதைபடிவங்கள் அவ்வாறு கூறுகின்றனவா?

பாறைகள் தரும் சான்று

டெவோனியன் காலம் ஏறத்தாழ 41.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்தில் வாழ்ந்த மடல்துடுப்பு மீன்களின் துடுப்புகள், இன்றைய பெரும்பாலான மீன்களின் துடுப்புகளைப் போல் விசிறி வடிவக் கதிர்களால் மட்டும் ஆனவை அல்ல. அவற்றின் அடிப்பகுதி சதைப்பற்றுடையது. உள்ளே வலிய எலும்புகள் இருந்தன. கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள மிகுவாஷாவில் நன்கு பாதுகாக்கப்பட்ட நிலையில் கிடைத்த யூஸ்தெனாப்டெரான் என்னும் மீனின் முன்துடுப்பில், உடலையொட்டி ஒற்றை எலும்பும் அதனையடுத்து இரண்டு எலும்புகளும் காணப்படுகின்றன. மனிதக் கையின் மேற்கை எலும்பாகிய ஹியூமரசும், முன்கை எலும்புகளாகிய ரேடியஸ், அல்னா ஆகியனவும் அமைந்திருக்கும் ஒழுங்கும் இதுவே. கையின் அடிப்படைத் திட்டம் மீனிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்த சான்று டிக்டாலிக். ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இவ்விலங்கிற்குச் செதில்களும் துடுப்புகளும் செவுள்களும் உண்டு. அவ்வகையில் இது மீன். ஆனால், இதன் தலை முதலையின் தலைபோல் தட்டையானது. கண்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்தவை. துடுப்பினுள் மணிக்கட்டிற்கு ஒப்பான எலும்புகள் இருந்தன. விலா எலும்புகள் தடித்திருந்தன. மீன்களில் மண்டையோட்டையும் தோள் வளையத்தையும் பிணைக்கும் எலும்புகள் இதில் இல்லை. அதனால் உடலைத் திருப்பாமலேயே தலையைத் திருப்ப இயன்றது. முதுகெலும்பிகளின் வரலாற்றில் கழுத்து உருவானதைக் காட்டும் சிறந்த சான்றுகளுள் இஃது ஒன்று.

தெரிந்து தெளிவோம்

டிக்டாலிக் தற்செயலாகக் கிடைத்தது அன்று. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுப் பாறைகளில் மடல்துடுப்பு மீன்கள் கிடைத்தன, 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் காலுடைய விலங்குகள் கிடைத்தன. எனவே, இடைப்பட்ட காலத்து நன்னீர்ப் படிவப் பாறைகளில் இடைநிலை உயிர்கள் இருக்க வேண்டும் என்று நீல் ஷூபின், எட்வர்டு டாஷ்லர், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோர் கருதினர். அத்தகைய பாறைகள் வெளித்தெரியும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் 1999 முதல் தேடினர். 2004ஆம் ஆண்டு எல்ஸ்மியர் தீவில் அவ்வுயிர் கிடைத்தது. 2006இல் அதன் விளக்கம் வெளியிடப்பட்டது. நுனாவுட் பகுதியின் இனூயிட் மூத்தோர் தந்த பெயரே டிக்டாலிக். அவர்தம் மொழியில் அது நன்னீரில் வாழும் பெரிய மீனைக் குறிக்கும். இன்று பனி சூழ்ந்த அத்தீவு, டெவோனியன் காலத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பப் பகுதியாக இருந்தது.

எட்டு விரல்கள் கூறிய செய்தி

பழைய விளக்கத்தை மாற்றிய பெருமை அக்காண்டோஸ்டெகாவைச் சாரும். கிழக்குக் கிரீன்லாந்தில் கிடைத்த இவ்விலங்கு ஏறத்தாழ 36.5 கோடி ஆண்டுகள் பழைமையானது. பிரித்தானியத் தொல்லுயிரியலாளர் ஜெனிஃபர் கிளாக் 1987இல் அங்குச் சென்று, முன்னர்க் கிடைத்தவற்றினும் முழுமையான படிவங்களைத் திரட்டினார். அவற்றின் கால்களை அவரும் மைக்கேல் கோட்ஸும் ஆராய்ந்தனர். ஐந்து விரல்கள் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட முன்காலில் எட்டு விரல்கள் இருந்தன.

வியப்பு அத்தோடு முடியவில்லை. அக்காண்டோஸ்டெகாவின் மணிக்கட்டு, உடல் எடையைத் தாங்கும் வலிமையற்றது. விலா எலும்புகள் குட்டையானவை. வாலில் நீந்துவதற்கேற்ற நீண்ட துடுப்புக் கதிர்கள் இருந்தன. செவுள்களைத் தாங்கிய எலும்புகளில் குருதிக் குழாய்கள் சென்ற பள்ளங்கள் காணப்பட்டன. ஆகவே அது மீனைப்போல் செவுள்களாலும் சுவாசித்தது. கால்களும் விரல்களும் பெற்றிருந்தும் அது நீர்வாழ் விலங்காகவே இருந்தது.

இதனால் வரிசை தலைகீழாயிற்று. விலங்கு முதலில் கரையேறிப் பின்னர்க் கால் பெறவில்லை. நீரில் இருக்கும்போதே கால் பெற்றது. செடிகொடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரில் அடித்தரையை உந்தி நகரவும், தண்டுகளை விலக்கவும், தலையை நீர்மட்டத்திற்கு மேல் உயர்த்திக் காற்றை உட்கொள்ளவும் அக்கால்கள் உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நிலத்தில் நடத்தல் என்பது முன்பே இருந்த உறுப்பிற்குப் பின்னர் வாய்த்த பணியாகும்.

அதே கிரீன்லாந்துப் பாறைகளில் கிடைத்த இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு விரல்கள் இருந்தன. அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிந்த விலா எலும்புகளும் வலிய தோளும் அதற்கு இருந்தன. எனினும், அதன் மூட்டுகளைக் கணினி முப்பரிமாண உருவில் ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பின்கால்களை ஊன்றி நடக்கும் வகையில் அதனால் திருப்ப முடியவில்லை என்று காட்டியது. முன்கால்களை ஊன்றி உடலை இழுத்து நகர்ந்திருக்கலாம். ஸ்காட்லாந்தில் கிடைத்த, ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகள் பழைமையான பெடர்பெஸ் என்னும் விலங்கில்தான் முன்னோக்கித் திரும்பிய, நடப்பதற்கேற்ற பாதம் காணப்படுகிறது.

இவ்விலங்குகளை ஒன்றிலிருந்து ஒன்று நேரே பிறந்த தலைமுறைகளாகக் கொள்ளுதல் கூடாது. போலந்தின் ஏறத்தாழ 39 கோடி ஆண்டுப் பாறைகளில் காணப்படும் பதிவுகள் நாற்கால் விலங்குகளின் காலடித் தடங்கள் என 2010இல் விளக்கப்பட்டன. அவ்விளக்கம் சரியெனில், டிக்டாலிக் தோன்றும் முன்பே காலுடைய விலங்குகள் இருந்திருக்க வேண்டும். ஆகவே, கிடைத்த ஒவ்வொரு படிவமும் பல கிளைகள் கொண்ட மரத்தின் ஒரு கிளையாகும். உறுப்புகள் எவ்வாறு மாறின என்பதை அக்கிளைகள் உணர்த்துகின்றன.

தாங்கும் சட்டகம்

நிலத்திற்கு வந்த உடலில் முதுகெலும்பு தொங்கு பாலம்போல் ஆயிற்று. அடுத்தடுத்த முள்ளெலும்புகள் இணைப்பு முளைகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. அதனால் நடுவுடல் தொய்வதும் முறுக்கிக்கொள்வதும் தடுக்கப்பட்டன. மீன்களில் இடுப்பு வளையம் தசைக்குள் புதைந்த சிறிய எலும்பு மட்டுமே; முதுகெலும்போடு அதற்குத் தொடர்பில்லை. நாற்கால் விலங்குகளில் அது பெரிதாகி முதுகெலும்போடு இணைந்தது. பின்கால் தரையை உந்தும் விசை உடல் முழுவதையும் முன்செலுத்துவது இவ்விணைப்பால்தான். முன்புறத்திலோ தோள் வளையம் மண்டையோட்டிலிருந்து விடுபட்டது. பின்புறத்தில் இணைப்பும் முன்புறத்தில் விடுதலையும் ஆகிய இவ்விரு மாற்றங்களும் நடைக்கு அடிப்படையாயின.

இன்றைய தவளையில் இத்திட்டம் தாவுவதற்கேற்பச் செப்பமுற்றுள்ளது. முதல் முள்ளெலும்பு தலையைத் தாங்குகிறது. ஒன்பதாம் முள்ளெலும்பு இடுப்பு வளையத்தைத் தாங்குகிறது. அதன் பின்னுள்ளவை ஒன்றிணைந்து யூரோஸ்டைல் என்னும் நீண்ட எலும்பாயின. முன்காலின் ரேடியசும் அல்னாவும் ஒரே எலும்பாக இணைந்து, தாவி இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பின்காலின் கணுக்கால் எலும்புகள் இரண்டு நீண்டு, காலுக்குக் கூடுதலான ஒரு நெம்புகோலைத் தருகின்றன. முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் ஐந்து விரல்களும் உள்ளன. ஆகவே தவளையை, கரையேறிய முதல் விலங்கின் மாறாத உருவமாகக் கருதுதல் பிழை. அது தனக்கே உரிய வழியில் நெடுந்தொலைவு மாறிய உயிராகும்.

சுவாசமும் குருதியோட்டமும்

கால்களைப் போலவே நுரையீரலும் நிலத்தினும் பழைமையானது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் இன்றும் வாழும் நுரையீரல் மீன்கள் நீரில் இருந்துகொண்டே காற்றைச் சுவாசிக்கின்றன. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறையும்போது மேற்பரப்பிற்கு வந்து காற்றை விழுங்கும் மீனுக்கு நுரையீரல் உயிர்காக்கும் உறுப்பு.

தவளை மூன்று வழிகளில் சுவாசிக்கிறது. நுரையீரல், வாய்க்குழியின் ஈரச்சவ்வு, தோல் ஆகியன அவை. தவளைக்கு மார்பை விரிக்கும் விலா எலும்புகள் இல்லை. எனவே, வாயின் அடித்தளத்தைத் தாழ்த்திக் காற்றை வாய்க்குள் இழுத்து, பின்னர் மூக்குத் துளைகளை மூடி, அடித்தளத்தை உயர்த்தி அக்காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தவளையின் தொண்டை இடைவிடாது துடிப்பதற்கு வாய்த்தளத்தின் இவ்வசைவே காரணம்.

நுரையீரலின் வருகை இதயத்தையும் மாற்றியது. மீனின் இதயத்தில் ஓர் ஆரிக்கிளும் ஒரு வெண்ட்ரிக்கிளும் உள்ளன. குருதி செவுள்களின் வழியே சென்று அழுத்தம் குன்றிய நிலையில் உடலை அடைகிறது. தவளையின் இதயத்தில் ஆரிக்கிள்கள் இரண்டு. நுரையீரலிலிருந்து வரும் குருதி இடப்புற ஆரிக்கிளையும், உடலிலிருந்து வரும் குருதி வலப்புற ஆரிக்கிளையும் சேர்கின்றன. வெண்ட்ரிக்கிள் மட்டும் பிரிக்கப்படாமல் ஒன்றாகவே உள்ளது.

இதனை முடிவுறாத இதயம் எனச் சிலர் எண்ணுவர். தவளையின் வாழ்க்கையை நோக்கினால் அதன் பொருத்தம் புலனாகும். நீருக்குள் மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்குப் புதிய காற்று வருவதில்லை. அப்போது தோலே ஆக்சிஜனைப் பெறுகிறது. தோலிலிருந்து திரும்பும் ஆக்சிஜன் மிகுந்த குருதி வலப்புற ஆரிக்கிளுக்கே வருகிறது. வெண்ட்ரிக்கிள் முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்தால் அக்குருதி நேரே உடலுக்குச் செல்ல வழியிராது. நீரிலும் நிலத்திலும் மாறி மாறி வாழும் உயிருக்குப் பிரிக்கப்படாத அறை ஒரு வசதியாகும்.

புலன்களும் உணவும்

மீன்கள் நீரின் அசைவுகளை உடலின் பக்கவாட்டிலுள்ள பக்கக்கோட்டு உறுப்பால் உணர்கின்றன. காற்றில் அவ்வுறுப்பால் பயனில்லை. தலைப்பிரட்டையில் இருக்கும் அது, உருமாற்றத்தின்போது பெரும்பாலான தவளைகளில் மறைகிறது. காற்றில் பரவும் ஒலியை உட்செவிக்குக் கடத்தப் புதிய ஏற்பாடு தேவைப்பட்டது. மீன்களில் தாடையை மண்டையோட்டோடு பிணைத்துத் தாங்கிய ஹையோமாண்டிபுலர் என்னும் எலும்பே, நிலவாழ் முதுகெலும்பிகளில் செவியின் சிற்றெலும்பாயிற்று. அக்காண்டோஸ்டெகாவில் அது இன்னும் தடித்த தாங்கெலும்பாகவே இருந்தது. தவளையில் அது மெல்லியதாகிச் செவிப்பறையின் அதிர்வுகளை உட்செவிக்குக் கொண்டுசெல்கிறது. ஒருகாலத்தில் தாடையைத் தாங்கிய எலும்பு இன்று ஒலியைக் கடத்துகிறது.

காற்றில் கண் உலரும். ஆகவே, இமைகளும் கண்ணீர்ச் சுரப்பிகளும் தோன்றின; நிக்டிடேட்டிங் சவ்வு என்னும் ஒளிபுகும் சவ்வும் தவளையின் கண்ணைக் காக்கிறது. நீரில் இரையை வாயால் உறிஞ்சும் முறை காற்றில் பயன்படாது. எனவே, தசைப்பற்றுள்ள நாக்கு இன்றியமையாததாயிற்று. தவளையின் நாக்கு வாயின் முன்புறத்தில் ஒட்டியிருப்பதால், அதனை வெளியே வீசிப் பூச்சியைப் பிடிக்க முடிகிறது. விழுங்கும்போது கண்விழிகள் உள்ளிறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன.

நீரோடு அறாத உறவு

இத்தனை மாற்றங்களுக்குப் பின்னரும் இருவாழ்விகள் இரண்டு இழைகளால் நீரோடு பிணைக்கப்பட்டுள்ளன. முதலாவது, முட்டை. ஊர்வன, பறவை ஆகியவற்றின் முட்டையில் கருவைச் சூழ்ந்து நீர்மத்தைத் தேக்கும் பனிக்குடச் சவ்வு உண்டு. இருவாழ்விகளின் முட்டைக்கு அஃது இல்லை. கூழ்ம உறை மட்டுமே உண்டு. உலர்ந்த இடத்தில் இட்டால் முட்டை அழியும். ஆகவே, பெரும்பாலானவை இனப்பெருக்கத்திற்கு நீரை நாடுகின்றன. முட்டையிலிருந்து வரும் தலைப்பிரட்டை செவுள்களால் சுவாசித்து, கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. உருமாற்றத்தின்போது தைராய்டு ஹார்மோன் தூண்ட, வால் கரைகிறது. நுரையீரல் முதன்மை பெறுகிறது. கழிவு யூரியாவாக மாறுகிறது.

இவ்விழையைத் தளர்த்திக்கொண்ட இனங்களும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ராவோர்கெஸ்டஸ் பேரினத்துப் புதர்த்தவளைகளில் தனித்து நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து சிறு தவளைகள் வெளிவருகின்றன. எனினும், அம்முட்டைகளுக்கும் ஈரம் இன்றியமையாதது.

இரண்டாவது இழை, தோல். தவளை வாயால் நீர் அருந்துவதில்லை; தோலின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. தோல் சுவாசம் நிகழ, தோல் மெல்லியதாகவும் ஈரமாகவும் இருத்தல் வேண்டும். கோழைச் சுரப்பிகள் அவ்வீரத்தைக் காக்கின்றன. பிளெத்தோடோன்டிடே குடும்பத்துச் சாலமாண்டர்களுக்கு நுரையீரலே இல்லை. தோலும் வாய்க்குழிச் சவ்வுமே அவற்றின் சுவாச உறுப்புகள்.

வாழ்வளித்த தோலே வழிவிட்ட இடர்

தோல் எளிதில் ஊடுருவத்தக்கது என்பதே இன்று இருவாழ்விகளுக்கு இடராகவும் அமைந்துள்ளது. ஆக்சிஜனையும் நீரையும் உள்ளே விடும் தோல், நீரில் கலந்த பூச்சிக்கொல்லிகளையும் உள்ளே விடுகிறது. 1999இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை தோலைத் தாக்கி, அதன் வழியே நிகழும் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. இறுதியில் இதயம் நின்று தவளை இறக்கிறது. இப்பூஞ்சை குறைந்தது 501 இனங்களின் எண்ணிக்கைச் சரிவுக்குக் காரணமாயிற்று என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஏறத்தாழ 8,000 இருவாழ்வி இனங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிடப்பட்ட உலகளாவிய மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 41 இனங்கள் அழியும் நிலையில் உள்ளன. முதுகெலும்பிகளின் வகுப்புகளுள் இருவாழ்விகளே மிகுந்த இடருக்கு உள்ளானவை என்று அம்மதிப்பீடு கூறுகிறது. வாழிட அழிவும் பருவநிலை மாற்றமும் அதற்கான முதன்மைக் காரணங்களுள் அடங்கும்.

நீரில் தோன்றிய கால், நீரில் தோன்றிய நுரையீரல், தாடையைத் தாங்கிய எலும்பு ஆகியவற்றைக் கொண்டே முதுகெலும்பிகள் நிலத்தில் வாழக் கற்றன. பழைய உறுப்பு புதிய பணியை ஏற்றல் என்பது படிமலர்ச்சியின் நெறிகளுள் ஒன்று. எழுதும் மனிதக் கையிலும் கேட்கும் மனிதச் செவியிலும் அந்நெறியின் தடம் உண்டு. குளமும் ஈரநிலமும் மலைக்காட்டு ஓடையும் தூய்மையாக இருக்கும்வரைதான், நீர் நிலம் இரண்டிலும் கால் பதித்த இவ்வுயிர்கள் நிலைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. நிலத்தில் நடப்பதற்காகவே கால்கள் தோன்றின என்னும் கருத்தை அக்காண்டோஸ்டெகாவின் உடலமைப்பு எவ்வாறு மறுக்கிறது? மூன்று சான்றுகள் தருக.

2. மீனின் இடுப்பு வளையத்தையும் தவளையின் இடுப்பு வளையத்தையும் ஒப்பிட்டு, நடைக்கு எது ஏற்றது என்பதைக் காரணத்துடன் விளக்குக.

3. பிரிக்கப்படாத வெண்ட்ரிக்கிள் தவளைக்குக் குறையா, வசதியா? வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. பழைய உறுப்பு புதிய பணியை ஏற்றதற்கு இப்பாடத்திலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தந்து விளக்குக.

5. வாழும் ஊரிலுள்ள குளம் அல்லது வயல்வெளியில் மழைக்குப்பின் கேட்கும் தவளைகளின் ஒலிகளை ஒரு வாரம் கவனித்து, நேரம், இடம், ஒலியின் தன்மை ஆகியவற்றைக் குறித்து அறிக்கை அணியமாக்குக. தவளைகளையோ முட்டைகளையோ தொடாமல் நோக்குக.